கருத்துப்போன கம்பு: எல்லையோர லாஃப்ட் ஒன்றில் புறாக் குஞ்சுகள் செத்த கதை

ஆரம்பாக்கம் தாண்டினால் தமிழ்நாடு முடிந்து தடா வந்துவிடும். தடாவிலிருந்து சூளூர்பேட்டை போகிற வழியில், நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே பழவேற்காடு ஏரிப் பக்கம் இறங்கினால் வருகிற ஊர் ஒன்றில்தான் இந்த லாஃப்ட், அதாவது புறாக்கூடம், இருக்கிறது. வீட்டில் பேச்சு தமிழ், பிள்ளைகள் படித்தது தெலுங்கு, ரேஷன் கார்டு ஆந்திரா, புறாவுக்குத் தீனி வாங்குவது கும்மிடிப்பூண்டி. எல்லையோரத்தில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

லாஃப்ட்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். எனக்கு அண்ணன் முறை. அவர் பந்தயம் விடுவதில்லை. நல்ல வழியில் வந்த ஹோமர் (தூரத்தில் விட்டாலும் வீடு திரும்புகிற பந்தயப் புறா) ஜோடிகளை வைத்துக் குஞ்சு எடுத்து, முப்பது நாள் ஆனதும் சென்னை லாஃப்ட்களுக்குக் கொடுத்துவிடுவார். அந்த வயதில் கைமாறினால்தான் குஞ்சு புது இடத்தைத் தன் வீடாக எடுத்துக்கொள்ளும். வெளியே பறந்து சுற்றிப் பார்த்துவிட்டால் அப்புறம் எங்கே கொடுத்தாலும் பழைய கூரைக்கே வந்து நிற்கும். ஆகவே அவருடைய பிழைப்பு முழுக்க முட்டைக்கும் முப்பதாம் நாளுக்கும் நடுவில்தான். அடி விழுந்ததும் அங்கேதான்.

நான் கும்மிடிப்பூண்டியில் இருபது வருஷமாக ஹோமர் வளர்க்கிறேன். டாக்டர் இல்லை. தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவர் போனில் கிடைப்பார், அவ்வளவுதான். இதில் நான் செய்த தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என்ன நடந்தது

மழை முடிந்து மார்கழி தொடக்கத்தில் 14 ஜோடி சேர்த்திருந்தார். ஜோடி ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு நாளில் பெட்டை முட்டையிட்டது. முதல் முட்டை சாயங்காலம், அடுத்தது ஒருநாள் விட்டு மறுநாள் மதியம். வழக்கமான இரண்டு. இரண்டாவது முட்டை விழுந்து பதினேழு பதினெட்டு நாளில் குஞ்சு பொரிந்தது. 28 முட்டையில் 25 பொரிந்தன. அதுவரை நல்ல வருஷம் என்றுதான் நினைத்திருக்கிறார்.

பிறகு எட்டாம் நாளிலிருந்து பதினாறாம் நாளுக்குள் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தது. முதல் வாரத்தில் செத்தது எதுவும் இல்லை. இறகுக் குருத்து முள் முள்ளாக எழும்புகிற வயதில்தான் எல்லாச் சாவும். பிப்ரவரி முதல் வாரம் எனக்குப் போன் செய்தபோது 9 குஞ்சு போயிருந்தது. "தம்பி, ரிங் நிக்க மாட்டேங்குது" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. ஹோமர் குஞ்சுக்கு ஆறாம் நாள், ஏழாம் நாள் வாக்கில் காலில் மூடிய வளையத்தை மாட்டுவோம். அதற்கு மேல் விட்டால் பாதம் பெருத்து வளையம் ஏறாது. இங்கே பத்தாம் நாளில் மாட்டியதும் கழன்று கூட்டுக்குள் கிடக்கிறதாம். பத்து நாள் குஞ்சுக்கு ஆறு நாள் குஞ்சின் கால். என்னைக் கிளம்ப வைத்தது செத்த கணக்கைவிட அந்த வளையம்தான்.

நான் போவதற்கு முன்பே அவர் இரண்டு காரியம் செய்து முடித்திருந்தார். ஒன்று, ஞாயிற்றுக்கிழமைதோறும் மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலந்து லாஃப்ட் முழுக்கத் தெளித்தது. மருந்துக் கடையில் யாரோ சொன்ன அளவு, "ஒரு மூடி". ஒரு ஞாயிறு குஞ்சுகள் மேலேயும் பட்டிருக்கிறது. அன்று ராத்திரி இரண்டு குஞ்சு உடம்பு நடுங்கிக் காலையில் செத்துக் கிடந்தன. அந்த ஒன்பதில் இந்த இரண்டும் சேர்த்தி. இன்னொன்று, ஆட்டுக்கு வாங்கி வைத்திருந்த ஃபென்பெண்டசோல் குடற்புழு மருந்தை ஜோடி சேர்ப்பதற்கு முன்பு எல்லாப் புறாவுக்கும் கொடுத்தது. இது பலருக்குத் தெரியாது: ஆட்டுக்கும் நாய்க்கும் சாதுவான இந்த மருந்தும் அதன் உறவான அல்பெண்டசோலும் புறாவுக்கு ஆகாது. எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும். இறகு வளர்கிற சமயத்தில் கொடுத்தால் இறகு குறுகி, நடுவில் கிள்ளிவிட்டதுபோல் வரும். அண்ணனின் இரண்டு பெட்டைகளுக்கு றெக்கையில் அந்தக் கிள்ளல் இருந்தது. புறாவுக்கு உருண்டைப்புழு மருந்து வேண்டுமென்றால் லெவாமிசோல், பைராண்டெல் என்று வேறு இருக்கின்றன. லெவாமிசோல் கொடுத்தால் கக்கும், பயப்பட வேண்டாம்.

என் தப்பு

போனதும் நான் செய்தது, எல்லோரும் செய்வதுதான்: குஞ்சின் வாயைத் திறந்து பார்த்தேன். நான்காவதோ ஐந்தாவதோ குஞ்சுக்கு நாக்கோரம் மஞ்சளாகத் தயிர்க்கட்டி மாதிரி படிந்திருந்தது. கேன்கர். ட்ரைக்கோமோனாஸ் என்கிற ஓரணு உயிர் செய்கிற வேலை. தாய் தகப்பன் தொண்டையில் சத்தமில்லாமல் தங்கியிருந்து, தொண்டைப் பையில் சுரக்கிற புறாப்பாலை ஊட்டும்போது குஞ்சுக்கு இறங்கும். பெரிய புறா பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். "அண்ணே, கேன்கர்" என்று சொல்லிவிட்டேன். மருத்துவரிடம் போனில் கேட்டு, ரோனிடசோல் தண்ணீரில் கலந்து எல்லாப் புறாவுக்கும் கொடுக்கச் சொன்னேன். தண்ணீர்ச் சட்டியைத் தினம் தேய்த்துக் காயவைக்கச் சொன்னேன். அந்த உயிருக்கு ஈரம் இல்லாவிட்டால் வாழ்வில்லை.

இரண்டு நாள் சாவில்லை. மூன்றாம் நாள் ஒன்று, நாலாம் நாள் இன்னொன்று. ஆக மொத்தம் பதினொன்று.

வாயைத் திறந்து பார்த்தபோது நான் மஞ்சளைத்தான் தேடினேன். மற்றக் குஞ்சுகளின் வாயில் மஞ்சள் இல்லை என்று திருப்தியாக மூடிவிட்டேன். அந்த வாய்கள் என்ன நிறத்தில் இருந்தன என்று கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நல்ல குஞ்சின் வாய் உள்ளே ரோஸாக இருக்கும். இவை சாதம் வடித்த கஞ்சி நிறம். ரத்தமே இல்லை.

அண்ணி காட்டிய கம்பு

அடுத்த முறை போனபோது அண்ணி கழுத்தைச் சொறிந்துகொண்டே வந்தார். "இன்னா ஈயோ தம்பி, கூண்டுக்குள்ள போனா கடிக்குது. அடிச்சாலும் சாவல, தட்டையா கிடந்துட்டு எழுந்து ஓடுது" என்றார். பக்கத்து வீட்டில் மாடு வைத்திருக்கிறவர் அதைப் பார்த்துவிட்டு ஜோரீக என்றாராம். தெலுங்கில் மாட்டைக் கடிக்கிற பெரிய ஈயின் பெயர். அது இல்லை. ஆனால் ஈ என்ற வரைக்கும் அவர் சொன்னது சரி.

அப்புறம் சாதாரணமாகச் சொன்னார்: "கம்பு வேற கெட்டுப்போயிருக்கு. குஞ்சுச் சட்டியில எல்லாம் கருத்துக் கிடக்குது." முறத்தில் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தார். உண்மையில் கம்பு மாதிரியேதான் இருந்தது. மூன்று மில்லிமீட்டர் நீளம், உருண்டை வாட்டம், மினுமினுவென்று கருப்பு. குஞ்சுகளுக்கு ஊட்டுகிற கலவையில் கம்பு இருப்பதால் சிந்தினது எச்சத்தில் ஊறிக் கருத்திருக்கும் என்று இரண்டு மாதமாக நினைத்திருக்கிறார்கள். ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினேன். கம்பாக இருந்தால் மாவாகும். இது முதலில் வழுக்கியது, பிறகு டக்கென்று ஓடு உடைந்து வெள்ளையாக ஈரம் வந்தது. கூட்டுப்புழு.

உடனே பன்னிரண்டு நாள் குஞ்சு ஒன்றை எடுத்துத் துண்டின்மேல் மல்லாக்கப் போட்டு றெக்கையை விரித்தேன். குருத்துகளுக்கு நடுவே பழுப்பாக ஒன்று நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த வரிசைக்குள் போனது. இன்னொன்று. வயிற்றுப் பக்கம் மூன்று. ஏழு வரை எண்ணினேன், மிச்சம் பறந்து என் சட்டைக்குள் போய்விட்டன. அவ்வளவு சின்ன உடம்பில், ஒரு நாளில் பல தடவை ரத்தம் குடிக்கிற ஈ ஏழெட்டு. பெரிய புறா அலகால் கோதி விரட்டும். குஞ்சுக்குக் கோதத் தெரியாது, இறகும் இல்லை. அதனால்தான் ஈ குஞ்சைத் தேடிப் போகிறது. எட்டாம் நாளிலிருந்து பதினாறாம் நாளுக்குள் ஏன் செத்தன என்பதற்கும் இதுதான் பதில். குருத்து எழும்பினால்தான் ஈக்கு ஒளிய இடம்.

இதன் பெயர் சூடோலின்கியா கனாரியென்சிஸ். நாம் புறா ஈ என்போம். இதில் ஆண் பெண் இரண்டும் ரத்தம் குடிக்கும். பெண் ஈ முட்டை இடாது. புழுவை ஒன்றே ஒன்றாகத் தன் வயிற்றிலேயே வளர்த்து, முழுசாக வளர்ந்த பிறகு கூட்டிலோ பலகை இடுக்கிலோ தரைத் தூசியிலோ போடும். போட்ட சில மணி நேரத்தில் அது ஓடு இறுகிக் கருத்துவிடும். அதற்கப்புறம் ஏறக்குறைய 23 முதல் 31 நாள் வரை அசையாமல் கிடந்து ஈயாக வெளியே வரும். வெளியே வந்த ஈ ஒன்றரை மாதம் போல வாழும். வீட்டு ஈ மாதிரி நூற்றுக்கணக்கில் பெருகாது. ஆனால் போடுவதில் பெரும்பாலானவை தேறிவிடும்.

அண்ணனின் ஞாயிற்றுக்கிழமை மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்பது இங்கே விளங்கியது. மருந்து பறக்கிற ஈயைக் கொன்றது. ஓட்டுக்குள் இருப்பதைத் தொடவில்லை. ஒரு ஞாயிறு கொன்றால் திங்களிலிருந்து புது ஈ.

குப்பைக் குழி

அன்றைக்கு சாயங்காலம் பதினான்கு சட்டியின் குப்பையையும் கோதுமைச் சல்லடையில் சலித்தோம். டீ டம்ளரில் கால் பாகத்துக்கு மேல் தேறியது. "இவ்வளவுதானே, எரிச்சுட்டா முடிஞ்சுது" என்றார் அண்ணன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கிளம்பும்போது அண்ணி சலித்த சருகை வாரிக்கொண்டு லாஃப்டுக்குப் பின்னால் போனார். எலுமிச்சை மரத்தடியில் ஒரு குழி. புறா எச்சம் நல்ல உரம் என்று மாதக்கணக்காகக் கூட்டுக் குப்பை எல்லாம் அங்கேதான் போகிறது. லாஃப்டிலிருந்து பத்தடி. குச்சியால் மேலாகக் கிளறினேன். கருப்புக் கம்பு. குழியின் நடுவில் எரு கொதித்துச் சூடாகி இருக்கும், அங்கே எதுவும் பிழைக்காது. ஓரத்தில் காய்ந்த சருகில் கிடந்ததெல்லாம் பத்திரமாக இருந்தது. வீட்டைச் சுத்தமாகப் பெருக்கி ஈயை வாசலில் வளர்த்திருக்கிறார்கள். தினம் தினம் கூட்டைச் சுத்தம் செய்கிற குடும்பம் இது, அதைச் சொல்ல வேண்டும். அழுக்கான லாஃப்ட் இல்லை.

குழி ஓரத்திலிருந்து முப்பது எடுத்து ஊறுகாய் பாட்டிலில் போட்டு, வாயில் வேட்டித் துணி கட்டி அண்ணியிடம் கொடுத்தேன். அண்ணனுக்கு நம்பிக்கை இல்லை. செத்துப்போன கூடு என்றார். ஒன்பதாம் நாள் நாலு ஈ. மூன்று வாரத்தில் பத்தொன்பது. அந்த பாட்டிலை அவர் இன்னும் தீனி ஷெல்ஃபில் வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்குக் காட்ட.

நாலு பெரிய புறாவின் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி ஒரு ஆய்வகத்தில் பார்க்கச் சொன்னோம். மூன்றில் ஹீமோப்ரோடியஸ் இருந்தது. சிவப்பணுவுக்குள் உட்காருகிற ஒட்டுண்ணி, மலேரியாவுக்குப் பங்காளி. இதைப் புறாவுக்குப் புறா கொண்டுபோவது இந்த ஈதான் என்று 1906இல் அல்ஜீரியாவில் செர்ஜென்ட் சகோதரர்கள் காட்டினார்கள். ரேஸ் புறாவுக்கு இது ஏன் முக்கியம் என்றால், கூண்டில் சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. முந்நூறு கிலோமீட்டர் பறக்கிற அன்றைக்குத்தான் மூச்சு போதாமல் நடுவழியில் உட்காரும். "கொடுத்த குஞ்சு தூரம் போகலை" என்று போன சீசனில் சென்னையிலிருந்து வந்த குறைக்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம். இருந்திருக்கலாம் என்று மட்டும்தான் சொல்ல முடியும். முட்டை போட்டுக் குஞ்சு ஊட்டிக்கொண்டிருக்கிற ஜோடிகளுக்கு இப்போது மலேரியா மருந்து வேண்டாம், ஈயை நிறுத்துங்கள் என்றார் மருத்துவர். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

எங்கிருந்து வந்தது

சென்னைப் பந்தயப் புறாக்களை வடக்கே கொண்டுபோய்த்தான் விடுவார்கள். கூடூர், நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா, அதற்கு மேலே பல்லார்ஷா, நாக்பூர். அங்கிருந்து தெற்கே வருகிற புறாக்களுக்கு அண்ணனின் ஊர் வழியில் இருக்கிறது. ரயில் தூரத்தில் கூடூரிலிருந்து சென்னை 138 கிலோமீட்டர், சூளூர்பேட்டையிலிருந்து 83. களைத்துப்போன புறா கீழே நாற்பது ஹோமர் பறக்கிற கூரையைப் பார்த்தால் இறங்கத்தான் செய்யும். சீசனில் வாரத்துக்கு ஒன்றிரண்டு வரும். அண்ணன் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. தண்ணீர் காட்டி, தீனி போட்டு, இரண்டு நாள் தன் புறாக்களோடு தங்கவைத்து, ரிங் நம்பரைச் சொல்லி உடையவருக்குப் போன் செய்து அனுப்பிவிடுவார். நல்ல மனுஷன். ஆனால் அந்த இரண்டு நாள் போதும். வருகிற புறா வழியில் மேம்பாலத்தடியிலும் நெல் குடோனிலும் மாடப்புறாக்களோடு உட்கார்ந்துவிட்டு ஈயோடு வருகிறது.

செய்தது

முதல் நாள் குழி. மேலே சவுக்குச் சருகு பரப்பிக் கொளுத்தினோம், ஓரம் முழுக்க எரிந்த பிறகு மண் தள்ளி மூடியாயிற்று. அன்றிலிருந்து கூட்டுக் குப்பை எருவுக்குப் போவதில்லை. கோணிப்பையில் கட்டி, அன்றைக்கே தகர டின்னில் எரிப்பது. தரையில் விழுகிற வெறும் எச்சம் மட்டும் உரத்துக்குப் போகட்டும் என்று விட்டுக்கொடுத்தேன், அதுவும் வயலுக்கு, வாசலுக்கு இல்லை. அண்ணிக்கு அந்த எலுமிச்சை விஷயத்தில் இன்னும் என்மேல் கோபம்.

இரண்டாம் நாள் பெட்டிகள். ப்ளைவுட் பலகை சேருகிற ஓரங்களில், சட்டத்துக்குப் பின்னால், பூச்சு உதிர்ந்த மூலையில் எல்லாம் கத்தி முனையால் சுரண்டினோம். சுரண்டுவதற்கு முன் தண்ணீர் தெளித்து, மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு. காய்ந்த எச்சத் தூசியை வருஷக்கணக்காக உள்ளிழுத்து நுரையீரல் கெட்டுப்போன புறாக்காரர்களை எனக்கே தெரியும். பிறகு ப்ளோ லாம்ப் வைத்து இடுக்குகளைச் சுட்டோம். இதை ஓலைக் கூரை லாஃப்டில் யாரும் செய்யாதீர்கள். சுட்ட பிறகு இடுக்குகளை பட்டி வைத்து அடைத்து மேலே நீற்றின சுண்ணாம்பு அடித்தோம். மண் சட்டிகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து இரண்டு நாள் வெயில்.

அன்று ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சோடு போய், உட்காரும் கட்டைகளுக்கு அடியில் வெள்ளைக் கைக்குட்டையை இழுத்துப் பார்த்தேன். இரண்டு பெட்டிகளில் சிவப்புக் கோடு விழுந்தது. செல். பகலில் இடுக்கில் ஒளிந்திருந்து ராத்திரி ரத்தம் குடிக்கிற சிவப்புப் பூச்சி, பகலில் எளிதில் கண்ணில் படாது. அடைகிடக்கிற பெட்டை ராத்திரியில் முட்டையை விட்டு எழுந்து நின்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். நல்லவேளை, அதிகம் இல்லை. இடுக்கு சுட்டதும் அடைத்ததும் இதற்கும் சேர்த்தே ஆயிற்று. வெயில் காலத்தில் ஒரு வாரம் பத்து நாளில் ஒரு தலைமுறை முடிந்துவிடுவதால், பத்தாம் நாள் இன்னொரு முறை அந்த இரண்டு பெட்டிகளையும் சுட்டோம்.

பெரிய புறாக்களுக்குக் கோழிகளுக்கு விற்கிற பெர்மெத்ரின் பவுடர். கழுத்தடி, றெக்கைக்குக் கீழே, வால் அடி என்று விரலால் தேய்த்தது. இறகில் ஒட்டிக்கொண்டு இறகையே தின்கிற பேனுக்கும் அதுவே போதும். குஞ்சுமேல் போடவில்லை. குஞ்சுச் சட்டியில் சருகுக்கு அடியில் மட்டும் ஒரு சிட்டிகை. குஞ்சின்மேல் இருந்த ஈக்களைக் கையால்தான் பிடித்தோம். ஓடு மாதிரி கெட்டியான ஈ, நசுக்க முடியாது, சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். அந்த வேலையில் அண்ணனின் பேரன் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரன். ஒருவிஷயம்: வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் பவுடரை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது, அதற்கு விஷம்.

நாள் கணக்கு

இதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. கூட்டுப்புழு 23 நாளுக்கு முன்னால் ஈயாகாது. அப்படியானால் எந்தச் சட்டியின் சருகும் 20 நாளுக்கு மேல் அதே இடத்தில் இருக்கக் கூடாது. ஆனால் அடைகிடக்கிற புறாவை அடிக்கடி தொந்தரவு செய்தால் முட்டையை விட்டுவிடும் என்று எல்லோருக்கும் பயம், அண்ணனுக்கு ரொம்பவே. எப்போது மாற்றுவது?

நோட்டுப் புத்தகத்தில் நாளைப் போட்டுப் பார்த்தோம். முதல் முட்டை பூஜ்ஜியம் நாள். இரண்டாவது முட்டை 2ஆம் நாள். குஞ்சு 20ஆம் நாள் வாக்கில். ரிங் 27ஆம் நாள். வழக்கமாக எல்லோரும் சருகு மாற்றுவது ரிங் போடும் நாளில்தான், குஞ்சைக் கையில் எடுத்தாயிற்றே என்று. ஆனால் முதல் மூன்று நான்கு நாளில் விழுந்த கூட்டுப்புழு அதற்குள் 23ஆம் நாளைத் தாண்டியிருக்கும். அதாவது குஞ்சு பொரிந்து மூன்று நான்கு நாளில் சட்டிக்கு அடியிலிருந்தே ஈ புறப்படும். சுத்தமாகச் செய்கிறோம் என்று நினைக்கிறவர்கள் நாலு நாள் தாமதமாகச் செய்கிறார்கள்.

அப்புறம்தான் 8ஆம் நாள் ஞாபகம் வந்தது. முட்டை கரு பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கிற நாள். அன்றைக்கும் முட்டை எப்படியும் கையில்தான் இருக்கிறது. ஆகவே 8ஆம் நாள் ஒரு மாற்று, 27ஆம் நாள் ஒரு மாற்று. நடுவில் 19 நாள்தான். அதற்கப்புறம் குஞ்சுக்கு இருபது நாள் ஆகும்போது, அதாவது 40ஆம் நாள், இன்னொன்று. அந்தச் சமயத்தில் பெட்டை அடுத்த முட்டைக்குத் தயாராகிவிடுவதால் பெட்டிக்கு இரண்டு சட்டி கட்டாயம். புதுச்சட்டியில் சருகு போட்டு, ஏற்கெனவே அமர்ந்திருந்த வாட்டத்தில் நடுவில் குழித்து, மேலாக அதன் பழைய சருகில் நாலு இழையை உதறிப் பார்த்து வைத்து, முட்டையை மாற்றினால் போதும். மத்தியானம் மாற்றுங்கள். காலை பத்துமணி வாக்கிலிருந்து சாயங்காலம் வரை ஆண் அடைகிடக்கும். அண்ணன் லாஃப்டில் பெட்டைகளைவிட ஆண்கள் இதைச் சாதுவாக ஏற்றுக்கொண்டன. இந்த ஊர் வெயிலில் முட்டை ஐந்து நிமிஷம் வெளியே இருந்தால் ஒன்றும் ஆகாது.

வாக்குவாதம்

வேப்பிலை பற்றி அண்ணி, புகையிலை பற்றி அண்ணன். ஓங்கோல் பக்கம் புகையிலை விளைவதால் காம்பு சல்லிசாகக் கிடைக்கும். வெளிநாட்டு ரேஸ் புறாக்காரர்களும் கூட்டுக்குப் புகையிலைக் காம்பு போடுவது பழைய வழக்கம். போடுங்கள் என்றேன், காய்ந்ததாக இருக்க வேண்டும், 20 நாள் கணக்கு அதற்கும் உண்டு. பேன், செல் கொஞ்சம் குறையும். கூட்டுப்புழுவை அது ஒன்றும் செய்யாது. பச்சை வேப்பிலையை மட்டும் வேண்டாம் என்றேன். எச்சத்தின் ஈரத்தில் பூஞ்சை பிடித்துக் குஞ்சின் மூச்சுக்குள் போகும். நிழலில் உலர்த்தியது என்றால் சரி.

எனக்குக் கேட்டால் சவுக்கு ஊசிதான். இந்தக் கடற்கரை முழுக்கச் சவுக்குத் தோப்பு. காசில்லை, காற்றோட்டமாக இருக்கும், ஈரம் தங்காது, கருப்பு மணிகள் அதில் சிக்காமல் உதிர்ந்து சட்டியின் அடிக்குப் போய்விடும். கவிழ்த்துத் தட்டினால் எண்ணிவிடலாம். தேங்காய் நாரில் சிக்கிக்கொள்ளும், கண்ணிலேயே படாது. தண்ணீர்ச் சட்டிக்கு அருகே இருந்த இரண்டு பெட்டிகளை இடம் மாற்றச் சொன்னேன். ஈரக் கூட்டில் காக்சிடியா என்கிற குடல் ஒட்டுண்ணியின் முட்டை ஓரிரு நாளிலேயே பழுத்துவிடும், அதற்குக் கிருமிநாசினியைவிட வெயிலும் நெருப்பும்தான்.

அடுத்த சுற்று

முதல் சுற்றில் 25இல் 14 மிஞ்சின. அதிலும் மூன்றை அண்ணன் யாருக்கும் கொடுக்கவில்லை, எடை வரவில்லை. சில ஜோடிகளைப் பிரித்து ஓய்வு கொடுத்துவிட்டு, பதினொரு ஜோடியோடு அடுத்த சுற்று போனது. 20 குஞ்சு பொரிந்தது, 18 தேறியது. செத்த இரண்டில் ஒன்று பொரிந்த அன்றே தொப்புள் மூடாமல் போனது, இன்னொன்றைத் தாய் மிதித்துவிட்டது. ரிங் எல்லாம் ஏழாம் நாளில் நின்றது. 8ஆம் நாள் மாற்றியதில் ஒரு ஜோடி மட்டும் முட்டையை விட்டது, அது முதல்முறை முட்டையிட்ட இளம் ஜோடி.

ஈ அடியோடு போய்விடவில்லை. 27ஆம் நாள் சட்டிகளைத் தட்டியபோது மொத்தம் ஆறு மணிகள் கிடைத்தன, நாற்பதாம் நாள் இரண்டு. அண்ணி ஒவ்வொன்றையும் நகத்தால் உடைத்துப் பார்த்தார்.

லாஃப்டிலிருந்து தள்ளிக் கிணற்றோரம் வலை அடித்த ஒரு சின்னக் கூண்டு போட்டிருக்கிறார்கள், வழிதவறி வருகிறவற்றுக்கு. மார்ச் கடைசியில் நான் போயிருந்த அன்று மத்தியானம் சாம்பல் றெக்கையில் கருப்புப் பட்டை போட்ட ஒரு ப்ளூ பார் ஆண் கூரையில் இறங்கித் தடுமாறியது. அண்ணன் வலையில் பிடித்து நேராகக் கிணற்றோரம் கொண்டுபோனார். தண்ணீர் காட்டிவிட்டு, ரிங் நம்பரைப் பேரன் எழுதிக்கொண்டான். அண்ணன் றெக்கையை விரித்து ஊதினார். பழுப்பாக ஒன்று பக்கவாட்டில் ஓடி அவர் முழங்கைக்கு ஏறியது.

"தம்பி, அசையாதே" என்றார். ஆடாமல் நின்றது நான் இல்லை, அவர்தான். பேரன் சோப்புத் தண்ணீர் டம்ளரோடு வந்தான்.